வார இறுதி போர்ட்ரெய்ட் கலைஞருக்குச் சொந்த பாணி: எதை முதலில், எதைக் கடைசியில்

வாரத்தில் ஐந்து நாள் வேறு வேலை, சனி ஞாயிறில் கேமரா என்று இருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. கேமராவை இயக்கத் தெரியும், முகத்தில் ஃபோகஸ் சரியாக விழுகிறது, நாலு பேர் காசு கொடுத்தும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனாலும் பத்துப் படங்களை வரிசையாக வைத்தால் பத்துப் பேர் எடுத்த மாதிரி இருக்கிறது. அந்த இடத்தில் நிற்பவர்கள் படிக்கலாம்.

புதிதாக வருபவர்கள் காட்டும் படங்களில் ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் ஒரு ப்ரீசெட் (ஒரே அழுத்தத்தில் படத்தின் நிறத்தை மாற்றும் எடிட்டிங் அமைப்பு) வாங்குகிறார்கள், அப்புறம் அதற்கேற்ற இடம் தேடுகிறார்கள், வெளிச்சத்தைப் பற்றி யோசிப்பதற்குள் ஆள் வந்து நின்றுவிடுகிறார். சரியான வரிசை இது: வெளிச்சம், தூரம், ஆளிடம் பேசும் விதம், அதற்குப் பிறகுதான் நிறம். இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்கக்கூடிய ஏதாவது ஒரு கேமரா. ஜூம் இல்லாத ஒரே ஒரு ஃபிக்ஸட் லென்ஸ், 50 மி.மீ. எஃப் 1.8 போதும் (எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவைக் குறிக்கும்; எண் சிறிதானால் துவாரம் பெரிது). ஸ்டேஷனரி கடையில் விற்கும் பெரிய தெர்மாகோல் ஷீட் இரண்டு. சாயம் போகாத கறுப்புத் துணி மூன்று மீட்டர். உட்கார வைக்க ஒரு முக்காலி.

இதைவிட முக்கியம், வாரத்தில் மாறாத ஒரு நேரம். ஞாயிறு காலை ஏழரை முதல் ஒன்பதரை என்று வைத்துக்கொண்டால், வருஷம் முழுக்க அதே நேரத்து வெளிச்சத்தைப் பார்ப்பீர்கள். முழுநேரக்காரர் கிளையன்ட் சொல்லும் நேரத்துக்கெல்லாம் ஓட வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பகுதி நேரம் என்பதில் இருக்கும் பெரிய வசதி இதுதான், பலர் அதைக் குறையாக நினைக்கிறார்கள்.

சம்பள வேலையில் இருப்பவர்கள் பணி நியமனக் கடிதத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். வெளிவேலை செய்யக் கூடாது என்று சில நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கும். அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகள் இருக்கின்றன. அனுமதி வாங்காமல் கட்டணப் படம் எடுக்க வேண்டாம்.

1. பழைய படங்களைத் தரையில் பரப்புங்கள்

கடந்த ஒரு வருஷத்தில் எடுத்ததில் உங்களுக்குப் பிடித்த முப்பது நாற்பது படங்களை லேபில் கொடுத்து 4க்கு 6 அங்குலத்தில் பிரிண்ட் போடுங்கள். செலவு ஒரு மெமரி கார்டு விலைகூட வராது. வீட்டில் தரையைத் துடைத்துவிட்டு அத்தனையையும் பரப்புங்கள்.

ஏன் பிரிண்ட்? திரையில் ஒவ்வொன்றாகத்தான் தள்ளிப் பார்ப்போம். தரையில் பரப்பினால் ஒரே பார்வையில் எல்லாம் தெரியும். 'எது நல்ல படம்' என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, எது திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள். ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? வெளிச்சம் இடமிருந்தா, வலமிருந்தா? கண் கேமராவைப் பார்க்கிறதா? கை பிரேமுக்குள் இருக்கிறதா? பின்னால் சுவரா, மரமா, மங்கலா?

பார்த்ததை மூன்று வாக்கியமாக எழுதுங்கள். 'முக்கால்வாசிப் படத்தில் ஆள் பக்கவாட்டில் பார்க்கிறார், பின்னால் வெறும் சுவர், யாரும் சிரிக்கவில்லை.' இந்த அளவு போதும். உங்களுக்குத் தெரியாமலேயே நீங்கள் விரும்பிச் செய்துகொண்டிருப்பது எது என்று இதில் வெளியே வரும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, அதிக லைக் வாங்கிய படங்களைப் பொறுக்குவது. லைக் பாதி அந்தப் படத்தில் இருக்கும் ஆளுக்கு வந்தது. இன்னொன்று, தன் குழந்தையின் படங்களைச் சேர்ப்பது. அதை நடுநிலையாகப் பார்க்க யாராலும் முடியாது, எடுத்து ஓரமாக வையுங்கள்.

2. பிடித்த படங்களைப் பிரித்துப் பாருங்கள்

அடுத்தவர் படத்தைப் பார்த்துப் பழகுவதில் தப்பே இல்லை. எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம். படத்தைப் பெரிதாக்கி முதலில் கண்மணியைப் பாருங்கள். அதில் தெரியும் வெள்ளைப் புள்ளி சதுரமாக இருந்தால் ஜன்னல் அல்லது சாஃப்ட்பாக்ஸ் (விளக்கின் மேல் மாட்டும் வெள்ளைத் துணிப் பெட்டி), வட்டமாக இருந்தால் வெளிச்சத்தைப் பரப்பும் குடை அல்லது வளைய வடிவ ரிங் லைட். அது கண்ணின் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கேதான் விளக்கு இருந்திருக்கிறது. அடுத்து மூக்கின் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம். நிழலின் ஓரம் கத்தி வெட்டியது போலிருக்கிறதா, கரைந்திருக்கிறதா. இவ்வளவு தெரிந்தால் அந்தப் படத்தை வீட்டில் ஓரளவு செய்து பார்த்துவிடலாம்.

இன்ஸ்டாகிராமில் மட்டும் தேட வேண்டாம். அங்கே இந்த மாதம் ஓடும் நிறம் அடுத்த மாதம் ஓடாது. மாலி நாட்டின் பமாகோ நகரில் 1948இல் ஸ்டூடியோ திறந்த சேடு கெய்ட்டாவைப் பாருங்கள். முற்றத்தில் இயற்கை வெளிச்சம், பின்னால் தொங்கவிட்ட படுக்கை விரிப்பு, இதுதான் அவருடைய அடிப்படை ஏற்பாடு. அதே வருஷம் நியூயார்க்கில் புகைப்படக் கலைஞர் இர்விங் பென் இரண்டு தட்டிகளைக் கூர்கோணமாகச் சேர்த்து, அந்த இடுக்கு மூலைக்குள் பிரபலங்களை நிற்க வைத்தார். 1979 முதல் 1984 வரை அமெரிக்க மேற்குப் பகுதியில் சுற்றிய புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடன், நிழலில் ஒரு வெள்ளைத் தாளைக் கட்டி அதன் முன்னால் ஆட்களை நிறுத்தினார்.

மூன்று பேரும் எதையெல்லாம் வேண்டாம் என்று விட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். மாறும் இடத்தை விட்டார்கள், மாறும் வெளிச்சத்தை விட்டார்கள். அதனால் பெரும்பாலும் மாறிக்கொண்டிருந்தது ஆள்தான். நீங்கள் எதை விடப் போகிறீர்கள் என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

3. ஒரு வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

மொத்த வேலையில் பாதி இந்தப் படியில் இருக்கிறது. மூன்று மாதமாவது ஒரே வெளிச்சத்தில் எடுங்கள். வீட்டில் ஒரு ஜன்னல் போதும். வெளிச்சம் மாறாமல் இருந்தால்தான் படம் நன்றாக வந்ததற்கும் வராததற்கும் காரணம் தெரியும். தினம் ஒரு இடம் என்று போனால் எதனால் நன்றாக வந்தது என்றே பிடிபடாது.

வடக்கு ஜன்னல் வருஷம் முழுக்க மென்மையான வெளிச்சம் தரும் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது லண்டனுக்குச் சரி. சென்னை இருப்பது ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன் பிறகு வடக்கே நகர்ந்துவிடும். ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்ப உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் வெயில் சாய்வாக உள்ளே விழும். அந்த மாதங்களுக்குத் தெற்கு ஜன்னலைப் பாருங்கள், அல்லது வடக்கு ஜன்னலில் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். வேட்டியை இரண்டு மடிப்பாகப் போட்டால் வெயில் அழகாகப் பரவும்.

இதே காரணத்தால் நம் ஊரில் உச்சி வெயிலில் முகம் எடுப்பது வீண்வேலை. வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வருவதால் கண் இரண்டும் குழியில் விழுந்துவிடும். வெளியேதான் எடுக்க வேண்டும் என்றால் திண்ணை, போர்ட்டிகோ, வாசல் நிழல், பேருந்து நிறுத்தத்தின் கூரை இப்படித் தலைக்கு மேல் ஏதாவது மறைப்பு வேண்டும். இன்னொரு விஷயம். சென்னைக் கடற்கரையில் 'கடலுக்கு மேல் அஸ்தமனம்' கேட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே போவதென்றால் விடிகாலையில் போங்கள்.

*உட்கார வைக்கும் முறை:* முதலில் அறையின் டியூப்லைட்டை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் கன்னத்தின் ஒரு பக்கம் பச்சையடிக்கும், அதை எடிட்டிங்கில் முழுதாக எடுக்க முடியாது. ஆளை ஜன்னலிலிருந்து ஒரு கை நீளத்தில் உட்கார வையுங்கள். ஜன்னலைப் பார்த்து நேராக அல்ல, சற்றுத் திரும்பி. மறுபக்கக் கன்னம் ரொம்ப இருட்டாக இருந்தால் அந்தப் பக்கம் தெர்மாகோலை நிறுத்துங்கள். இன்னும் ஆழமான நிழல் வேண்டுமென்றால் அதே இடத்தில் கறுப்புத் துணி. ஜன்னலுக்கு அருகே வர வர வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் வித்தியாசம் கூடும், தள்ளிப் போகப் போகக் குறையும். இந்த ஒன்றை மட்டும் ஒரு ஞாயிறு முழுக்க ஒரே ஆளை வைத்துச் செய்து பாருங்கள். எந்த அளவு நிழல் உங்கள் கண்ணுக்குப் பிடிக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

சுவரின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். பச்சை டிஸ்டெம்பர் அடித்த அறையில் தாடைக்குக் கீழே பச்சை ஏறும், சிவப்பு ரெட் ஆக்சைடு தரையில் கழுத்தில் சிவப்பு ஏறும். தரையில் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

*நம் தோலுக்கு எக்ஸ்போஷர்:* கேமராவின் மீட்டர் (வெளிச்சத்தை அளக்கும் பகுதி) எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். கறுப்பான ஒருவரை இருட்டான சுவர் முன்னால் உட்கார வைத்தால், மீட்டர் பதறிப்போய் வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளிறச் செய்துவிடும். அவரே வெள்ளைச் சட்டையோடு வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் முகம் இருண்டுபோகும். முதல் வகையில் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு அல்லது பாதி) அளவுக்குக் குறையுங்கள், இரண்டாவதில் அதே அளவு கூட்டுங்கள். அல்லது ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் கன்னத்தை அளந்து, அந்த அளவை மேனுவலில் நிறுத்திவிடுங்கள்; ஜன்னல் மாறாத வரை அந்த எண்ணும் பெரிதாக மாறாது.

கறுப்புத் தோலை எவ்வளவு ஆழமாக வைக்கிறீர்கள் என்பது நம் ஊரில் பாணியின் முதல் முடிவு. 'கொஞ்சம் கலர் ஏத்திக் கொடுங்க தம்பி' என்று கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். நெற்றியிலும் கன்ன மேட்டிலும் மினுக்கம் தெளிவாக விழுந்தால் கறுப்புத் தோல் பிரமாதமாக இருக்கும், அதை ஒருமுறை பிரிண்டில் பார்த்தவர் திரும்பக் கேட்பதில்லை. நான் ஏற்றித் தருவதில்லை, வேலையை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுவேன். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் ஆளுக்கு ஆள் மாற்றாதீர்கள்.

4. ஒரு லென்ஸ், ஒரு தூரம்

வெளிச்சம் கைக்கு வந்த பிறகு தூரத்தை நிலைப்படுத்துங்கள். முகத்தின் வடிவம் லென்ஸால் மாறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மாற்றுவது தூரம். இரண்டடியில் நின்றால் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரியும், ஐந்தாறு அடி தள்ளினால் முகம் நாம் பேசும்போது பார்க்கிற மாதிரி இருக்கும். அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவு பிரேமுக்குள் வரும் என்பதை மட்டுமே லென்ஸ் தீர்மானிக்கிறது.

கிராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், நிக்கான் சோனியில் 75 மி.மீ. போலவும் கேனனில் 80 மி.மீ. போலவும் வேலை செய்யும். மார்பளவு படத்துக்கு அதுவே வாகு. 85 மி.மீ. லென்ஸ் வாங்கலாமா என்ற யோசனையை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். எஃப் 1.8இலேயே எல்லாவற்றையும் எடுப்பது அடுத்த தவறு. முகம் சற்றுத் திரும்பினாலே ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் போய்விடும். எஃப் 2.8 வையுங்கள், இல்லையென்றால் எஃப் 4. பின்னணி மங்க வேண்டுமென்றால் ஆளைச் சுவரிலிருந்து தள்ளி உட்கார வைத்தால் போதும்.

கேமரா உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் இருக்கட்டும். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் பெரியவர்கள்கூடக் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்கள். நீங்களும் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள்.

5. ஆளை நடத்தும் விதம்

நம் ஊரில் ஒருவரைக் கேமரா முன்னால் உட்கார வைத்தால் என்ன நடக்கும்? முதுகு நிமிரும், தோள் காதுக்கு ஏறும், இரண்டு கையும் தொடைக்குப் போய்விடும், மூச்சு நிற்கும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பழக்கம். இதை 'ஸ்மைல் பண்ணுங்க' என்று சொல்லி உடைக்க முடியாது, மேலும் இறுகும்.

முதல் பத்து நிமிடம் கேமராவைத் தொடாதீர்கள். டீ கொடுங்கள். தெர்மாகோலை நகர்த்தியபடியே பேசுங்கள். பாட்டி ஒருவர் என்றால் 'இருப்பா, புடவை மாத்திட்டு வரேன்' என்பார். 'இதுவே நல்லாத்தான் இருக்கு பாட்டி' என்று தடுக்க வேண்டாம். அவர் மாற்றிக்கொண்டு, தலையை வாரி, நெற்றிக்குத் திருநீறு இட்டு வந்தால்தான் தன் முகத்தோடு உட்காருவார். இயல்பாக இருக்கட்டும் என்ற பெயரில் நாம் நம் விருப்பத்தைத் திணிக்கிறோம்.

தோள் இறங்க ஒரு எளிய வழி: 'மூச்சை முழுசா வெளியே விடுங்க' என்று சொல்லிவிட்டு, விட்டு முடித்த கணத்தில் எடுங்கள். கைகளுக்கு வேலை கொடுங்கள். டம்ளர், மூக்குக் கண்ணாடி, சேலைத் தலைப்பு, அவர் தொழிலில் பிடிக்கும் ஏதாவது ஒன்று. தையல்காரர் கையில் இஞ்ச் டேப்பைக் கொடுத்தால் அது தானாகவே கழுத்துக்குப் போகும், அப்புறம் அவர் உட்காரும் விதமே வேறு. கண்ணாடி போட்டவர் என்றால் நாடியை ஒரு விரலளவு தாழ்த்தச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதிலேயே ஜன்னலின் பிரதிபலிப்பு மறைந்துவிடும்.

உங்கள் பாணி இங்கே எப்படி உருவாகிறது? ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள். 'இந்தத் தொழிலை யாருகிட்ட கத்துக்கிட்டீங்கண்ணா?' என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் எதுவும் கேட்காமல் அமைதியாக இருந்து எடுப்பார். இரண்டு விதத்திலும் வெவ்வேறு முகங்கள் கிடைக்கும். எது உங்கள் சுபாவமோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர் ஜோக் அடித்து எடுக்கப் பார்த்தால் அந்தச் சங்கடம் எதிரில் இருப்பவர் முகத்தில் தெரியும்.

ஒவ்வொரு கிளிக்குக்கும் பின்னால் திரையைப் பார்ப்பதை நிறுத்துங்கள். நீங்கள் கண்ணை எடுத்ததும் அவர் முகம் அணைந்துவிடும், திரும்பக் கொண்டுவர ஐந்து நிமிடம் ஆகும்.

6. நிறம் இப்போதுதான்

ஒரே வெளிச்சத்தில் ஒரே தூரத்தில் எடுத்த பத்துப் பேர் கையில் இருந்தால் எடிட்டிங் எளிது. முதலில் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது. ஒவ்வொரு உட்காரலிலும் முதல் பிரேமில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லி எடுத்துவைத்தால் நிறத்துக்கு ஒரு நங்கூரம் கிடைக்கும். பிறகு கான்ட்ராஸ்ட், நிழலின் ஆழம். சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை)க் கடைசியில், தொட்டும் தொடாமலும்.

லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் இந்த அமைப்பைச் சேமித்தால் அதுதான் உங்கள் ப்ரீசெட். கடையில் வாங்கிய ப்ரீசெட் வேறு யாரோ, வேறு வெளிச்சத்தில், பெரும்பாலும் வெளிர் தோலுக்குச் செய்தது. நம் முகத்தில் அதைப் போட்டால் ஆரஞ்சும் சாம்பலுமாக ஆகிவிடுவதன் காரணம் அதுதான்.

தோலை மழுமழுவென்று தேய்க்க வேண்டாம். பரு நாலு நாளில் போகிற விஷயம், அதை எடுக்கலாம். மச்சம், தழும்பு, சுருக்கம் மூன்றும் அந்த ஆளுடையவை, கேட்காமல் எடுக்காதீர்கள். சரியாக வராத படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கித் தப்பிப்பதும் வேண்டாம். கறுப்பு வெள்ளை என்றால் எடுக்கும்போதே முடிவு செய்யுங்கள். முடித்த படத்தைக் கைப்பேசியிலும் ஒரு பிரிண்டிலும் பார்த்த பிறகு டெலிவரி.

7. ஒரு தொடர் செய்யுங்கள்

தனித்தனிப் படங்களை வைத்துப் பாணியை உறுதி செய்ய முடியாது, தொடர் வேண்டும். உங்கள் தெருவில் இஸ்திரி போடுபவர், பூக்காரம்மா, டீ மாஸ்டர், அல்லது உங்கள் அலுவலகத்திலேயே பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் ஒரே பின்திரை, ஒரே தூரம், ஒரே வெளிச்சம். கடைக்காரரை வீட்டு ஜன்னலுக்கு வரச்சொல்ல முடியாது, அவர் கடையின் நிழல் பக்கத்தில் கறுப்புத் துணியைக் கட்டினால் போதும்.

கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். எதற்கு எடுக்கிறீர்கள், எங்கே போடுவீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். போட வேண்டாம் என்றால் போடாதீர்கள். அடுத்த வாரமே பிரிண்ட் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பத்து நாளில் மறந்துவிடுவார்கள், பிரிண்ட் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கும். அதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் 'என்னையும் ஒண்ணு எடுங்க சார்' என்பார். தொடர் தானாக வளரும்.

ஏழெட்டுப் பேர் முடிந்ததும் சலிப்பு வரும், திரையை மாற்றலாமா என்று கை துறுதுறுக்கும். பன்னிரண்டு முடியும் வரை மாற்றாதீர்கள். எல்லாவற்றையும் நிறுத்தி வைத்த பிறகு ஆளுக்கு ஆள் என்ன வித்தியாசம் என்று பார்க்கும் கண் அந்தச் சலிப்புக்குப் பிறகுதான் வருகிறது.

8. காசு வாங்கும் வேலையில் நுழைப்பது

கிளையன்டிடம் போய் 'இது என் ஸ்டைல், இப்படித்தான் எடுப்பேன்' என்று நிற்க வேண்டாம். கேட்டதை முதலில் எடுத்துக் கொடுங்கள், சிரித்த முகம், குடும்பத்தோடு ஒன்று, பார்க்கில் ஒன்று. கடைசிப் பதினைந்து நிமிடம் உங்களுக்கு என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் வந்த படத்தை ஹாலில் மாட்டுவார்கள், பல முறை பார்த்திருக்கிறேன்.

போர்ட்ஃபோலியோவில் எதைக் காட்டுகிறீர்களோ அதற்குத்தான் கூப்பிடுவார்கள். காதுகுத்து, வளைகாப்பு எல்லாவற்றையும் போட்டு வைத்தால் அதற்குத்தான் போன் வரும். இருபது படத்துக்கு மேல் வேண்டாம், எல்லாமே நீங்கள் மறுபடி எடுக்க விரும்புகிற மாதிரி இருக்கட்டும். அட்வான்ஸ் வாங்கும் முன் இந்த இருபதையும் காட்டிவிடுங்கள். பிடிக்காதவர் அப்போதே வேறு ஆளைத் தேடிக்கொள்வார். மாதச் சம்பளம் வருகிற உங்களுக்கு அதனால் நஷ்டம் இல்லை.

9. மாற்றும்போது ஒன்றை மட்டும்

ஆறு மாதம் கழித்து முதல் படியைத் திரும்பச் செய்யுங்கள், மறுபடி பிரிண்ட், மறுபடி தரை. இப்போது எழுதும் மூன்று வாக்கியங்களைப் பழைய மூன்றோடு ஒப்பிடுங்கள். எது உறுதியாகிவிட்டதோ அதைத் தொடாதீர்கள். எது பழக்கத்தால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதை மாற்றிப் பாருங்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்று. ஜன்னலையும் லென்ஸையும் சேர்த்து மாற்றினால், படம் கெட்டாலும் நன்றாக வந்தாலும் எதனால் என்று தெரியாது.

முதலில் மாற்ற வேண்டியது பின்திரை. செலவு குறைவு, பிடிக்காவிட்டால் பழையதை மாட்டிவிடலாம். கெய்ட்டாவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விரிப்பை மாற்றினார், எந்த விரிப்பு என்பதை வைத்தே எந்தக் காலத்துப் படம் என்று பின்னாளில் அவரால் சொல்ல முடிந்தது. நீங்களும் திரையை மாற்றும் தேதியைக் குறித்து வையுங்கள். லென்ஸ் அடுத்து. வெளிச்சத்தைக் கடைசியாக மாற்றுங்கள். அதை மாற்றினால் 3ஆம் படியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பழக வேண்டியிருக்கும், அதற்கு இன்னொரு மூன்று மாத ஞாயிறுகள் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.